கணக்கில் வராத நீர்

இரவு இரண்டு மணிக்குத்தான் எங்கள் வேலை.
லாரிகள் படுத்த பின்,
கடைசி பஸ்சின் ஓட்டுநரும் பல் துலக்கி முடித்த பின்,
பால்கன் மலையடியில் இந்தச் சிற்றூர்
தன் தண்ணீரை மட்டும் பேசவிடும்.

நெவ்யானா இரும்புக் கம்பியை வால்வின் தலையில் ஊன்றுவாள்.
மறுமுனையில் மரக்குமிழ். அதில் காது.
கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேல் தூக்கிவிட்டு,
பிப்ரவரியில்.

அவள் கேட்பவள். நான் தோண்டுபவன்.
நீல வண்ணத்தில் அவள் ஒரு குறி போட்டால்
என் யந்திரம் அங்கே இறங்கும்.
நாலு வருடத்தில் மூன்று முறைதான் காய்ந்த மண்.
மூன்றையும் அலுவலகம் மறக்கவில்லை.

குளிர்பெட்டி தூக்கத்தில் உறுமும், என்பாள்,
மின்மாற்றி ஒரே சுருதியில் நிற்கும்.
ஒழுகல் அப்படியில்லை,
கோபத்தை அடக்கிக்கொண்டு
யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதைப் போல.
நானும் ஒருதரம் காது வைத்தேன்.
எனக்குக் கேட்டது என் ரத்தம்.

பதினேழாம் பிளாக், நாலாம் மாடி,
ஸ்லாவ்கா பெனேவாவிடமிருந்து வாரம் ஒரு புகார்:
காலையில் குழாய் இருமுகிறது, அவ்வளவுதான்.
கீழே இன்னொரு வரி:
பில் மட்டும் இருமுவதே இல்லை.

எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு,
கணக்கில் வராத நீர் என்று.
நூறு லிட்டர் ஏற்றினால்
ஐம்பத்தெட்டு அந்தக் கட்டத்தில் விழுகிறது.

ஆறு இரவு கேட்டோம்.
அதாவது அவள் கேட்டாள்,
நான் வேனில் சூரியகாந்தி விதை கொறித்தேன்.
ஏழாம் இரவு
மூடிய தையல் ஆலையின் சுவரோரம் நின்றுவிட்டாள்.
வரைபடத்தில் அங்கே வெறும் வெள்ளைத் தாள்.
ஒழுகவில்லை, என்றாள். ஓடுகிறது.
போகுமிடம் தெரிந்த தண்ணீர்.

பின்னாலேயே போனோம்.
வேலிச் சந்து, காலிக் கோழிக்கூண்டு, ஆலையின் பின்வாசல்.
சுவரில் ஒரு பித்தளைக் குழாய்,
அடியில் கல்தொட்டி, அதற்குப் பனிக்கட்டி மீசை.
ஆலையோடு சேர்த்து இதையும் அடைத்ததாக
முத்திரை வைத்த தாள் இருக்கிறது.
காதும் காதும் வைத்தாற்போல்
யாரோ மறுபடி இணைத்திருந்தார்கள்.

நாலரைக்கு வந்தார்கள்,
பனிச்சறுக்கு வண்டியில் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிக்கொண்டு.
ஐந்தாறு பெண்கள், இரவு உடைக்கு மேல் கோட்டு.
முன்னால் வந்தவர் எங்கள் சீருடையைப் பார்த்து நின்றார்.
ஸ்லாவ்கா பெனேவா.
"மாடியில் வந்தால் இங்கே எதற்கு வருகிறோம்?"
நெவ்யானா கேட்டாள்:
"இங்கே ஓடினால் மாடியில் எப்படி வரும்?"
யாரும் பேசவில்லை.
குழாய் பேசிக்கொண்டே இருந்தது.
பிறகு என் கையிலும் ஒரு கேனைத் திணித்தார்கள், பிடி என்று.

செவ்வாயன்று அடைத்தோம்.
நானே திருப்பினேன், பதினோரு சுற்று.
அழுத்தம் ஏறியது.
நாலாம் மாடியில் முதலில் காற்று, பிறகு துரு,
பிறகு, எத்தனையோ வருடம் கழித்து, ஷவர்.
ஸ்லாவ்கா அலுவலகத்துக்குத் தொலைபேசினாராம்.
நன்றி சொல்ல இல்லை.
தண்ணீர் சிவப்பாக வருகிறதாம்.

வியாழன் விடியலில்
லிபா தெருவின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய்
ஏறிய அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்தது.
அதைக் கேட்கக் கம்பி தேவைப்படவில்லை.
தெரு தன் தாரைத் தொப்பி மாதிரி கழற்றியது.

இடுப்பளவு சேற்றில் நான் கவ்வி பூட்டிக்கொண்டிருந்தேன்.
குழியின் விளிம்பில் குந்தியிருந்தாள் நெவ்யானா,
மடியில் வரைபடம், விறைத்த விரலில் பென்சில்.
தையல் ஆலைச் சுவரோரம், அந்த வெள்ளையில்,
ஒரு கோடு இழுத்தாள்,
தேவைப்பட்டால் அழித்துவிடும்படி மெல்லியதாக.
நுனியில் ஒரு சின்ன வட்டம்,
பொதுக் குழாயின் குறி.

"அடைத்தாயிற்றே, இப்போது எதற்கு இது?" என்றேன்.

தொப்பியை இழுத்துக்
காதை மூடிக்கொண்டாள்.